கழற்றிப் பூட்டிய மொரிஸ் மைனர் எஞ்சினுக்கு டைமிங் வைப்பது: முழுமையான வழிகாட்டி

எஞ்சினைக் கழற்றிச் செய்து பூட்டிய அன்று அது ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், எல்லோருடைய கையும் முதலில் போவது டிஸ்ரிபியூட்டருக்குத்தான், அதாவது பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்துக் கொடுக்கும் பாகத்துக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்ப்பார்கள். பற்றரி இறங்கிவிடும், பிளக் பெற்றோலில் நனைந்துவிடும், தொடக்கத்தில் டிஸ்ரிபியூட்டர் எங்கே இருந்தது என்பதும் மறந்துபோகும். யாழ்ப்பாணத்தில் இப்படி நின்ற மைனர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமானவற்றில் டைமிங்கைவிட முந்தின வேலை ஒன்றுதான் பிழைத்திருந்தது.

டைமிங் என்பது பிஸ்டன் எந்த இடத்துக்கு வரும்போது பிளக்கில் பொறி அடிக்கவேண்டும் என்று வைப்பது. அது கடைசியாக வைக்கவேண்டியது. பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுப்பு), ஸ்பிண்டில் (டிஸ்ரிபியூட்டரின் நடுவில் சுற்றும் தண்டு), புல்லியில் உள்ள குறி ஆகிய ஒவ்வொன்றும் அதை நகர்த்தக்கூடியவை. ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள்.

இதில் தரும் அளவுகள் 1962 கடைசியிலிருந்து மொரிஸ் மைனர் 1000 இல் வந்த 1098 சிசி எஞ்சினுக்கானவை. எஞ்சின் எண்ணில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் அது 8.5 க்கு 1 அழுத்த விகிதம் கொண்டது, 'எல்' இருந்தால் 7.5 க்கு 1. நான் சொல்லும் 3 பாகை, அதாவது பிஸ்டன் உச்சத்துக்கு வருவதற்கு 3 பாகை முன் பொறி அடிப்பது, 'எச்' எஞ்சினுக்கு உரியது. உங்களுடையது 'எல்' என்றாலோ, ஓஸ்டின் ஏ40 போன்ற வேறு கார் என்றாலோ, முறையை இங்கிருந்தும் எண்ணை அந்தக் காரின் கையேட்டிலிருந்தும் எடுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), பிளக் ஸ்பானர், டிஸ்ரிபியூட்டரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ற்றுக்குப் பொருந்தும் ஸ்பானர், வெள்ளைப் பெயின்ற் கொஞ்சம், தையல் நூல், மில்லிமீற்றர் அளவுகோல், டைமிங் லைட் (பொறி அடிக்கும் கணத்தில் மின்னும் விளக்கு). இவற்றுடன் 12 வோல்ற் 5 வாற் பல்ப் ஒன்றுக்கு இரண்டு நீள வயர் பிடித்து, நுனிகளில் கிளிப் போட்டு வையுங்கள். இழை உள்ள பழைய பல்ப்பே வேண்டும். எல்ஈடி என்றால் வயரை மாற்றிக் கொடுத்தால் எரியாது, மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் மின்னும். இரண்டுமே குழப்பும்.

பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, ஓட்டுக்குள் ஒரு போல்ற்றைப் பூட்டிப் 'பிஸ்டன் தடை' ஒன்றும் செய்துகொள்ளுங்கள். போல்ற்றின் நுனி உருண்டையாக இருக்கவேண்டும். கூர்மையாக இருந்தால் புதுப் பிஸ்டனின் தலையில் தழும்பு விழும்.

பற்றரி முழு சார்ஜில் இருக்கட்டும். இந்த மைனர்கள் கொம்பனியிலிருந்து வரும்போது பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில் (காரின் இரும்பு உடலில்) பூட்டப்பட்டிருந்தது. பிற்காலத்தில் யாராவது மாற்றியிருக்கலாம். எந்த முனை பொடிக்குப் போகிறது என்று இப்போதே பார்த்து ஒரு துண்டில் எழுதி வையுங்கள், இரண்டு இடத்தில் தேவைப்படும்.

2. வால்வு இடைவெளி

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கைப் பாவியுங்கள்: எந்த வால்வு முழுதாகத் திறந்து நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வைச் சரிசெய்யலாம். முதலாவது முழுதாகத் திறந்திருந்தால் எட்டாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது.

முடிந்ததும் ரொக்கர் மூடியை (வால்வுகளுக்கு மேலுள்ள மூடியை) பூட்டவேண்டாம். ஆறாம் படியில் அந்த வால்வுகளைப் பார்த்துத்தான் அடுத்த முடிவை எடுக்கப்போகிறோம்.

3. டிஸ்ரிபியூட்டரை மேசையில் வைத்துப் பாருங்கள்

எஞ்சினுக்கு எவ்வளவோ செலவழித்துவிட்டு, டிஸ்ரிபியூட்டரைத் துணியால் துடைத்து அப்படியே பூட்டிவிடுவார்கள். அதுவும் எஞ்சின் ஓடிய அதே தூரம் ஓடிய சாமான்தான்.

ஸ்பிண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷில் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். அதன்மேல் எவ்வளவு கவனமாக டைமிங் வைத்தாலும் நிற்காது. புஷ்ஷை மாற்றியபின் மற்ற வேலையைத் தொடருங்கள்.

பிறகு ஸ்பிண்டிலின் மேல் நுனியில் உள்ள ரோட்டரை, அது சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, விரலால் திருப்பிவிடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே, வேகம் கூட விரிந்து டைமிங்கை முந்தவைக்கும் எடைக்கட்டிகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. கழுவி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

டிஸ்ரிபியூட்டரில் உள்ள வாக்யூம் டப்பிக்குப் போகும் குழாயின் வாயில் உதட்டை வைத்து உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். பொயின்ற் தட்டு நகர்ந்து அங்கேயே நிற்கவேண்டும். நகர்ந்து உடனே திரும்பினால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. கார் ஓடும், ஆனால் பெற்றோல் கூடக் குடிக்கும்.

உள்ளே தட்டுக்குப் போகும் மெல்லிய வயரையும் பாருங்கள். அது வெளித்தோலுக்குள் அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக இழுத்தால் அறுந்த இடம் ரப்பர்போல நீளும்.

4. பொயின்ற் இடைவெளி

டிஸ்ரிபியூட்டரை எஞ்சினில் பூட்டுங்கள், ஆனால் கிளாம்ப்பை இறுக்கவேண்டாம். பொயின்றின் குதி (ஸ்பிண்டிலில் உரசும் பகுதி), ஸ்பிண்டில் மூலை ஒன்றின் உச்சியில் நிற்கும்படி எஞ்சினைச் சுற்றி, இடைவெளியை 0.014 இலிருந்து 0.016 அங்குலத்துக்குள் வையுங்கள். நான் 0.016 வைப்பேன். புதுக் குதி முதல் சில நூறு கிலோமீற்றரில் தேய்ந்து இடைவெளி தானாகக் குறையும் என்பதால்.

ஃபீலர் கேஜில் எண்ணெய் இருந்தால் அது பொயின்ற் முகத்தில் ஒட்டி எரிந்து கருகும். துணியால் கேஜைத் துடைத்துவிட்டு நுழையுங்கள். ஸ்பிண்டில் மூலைகளில் அரிசியளவு கிரீஸ் போதும். கூடினால் அது பறந்து பொயின்றில்தான் விழும்.

இதை ஏன் டைமிங்குக்கு முன் செய்கிறோம்? பொயின்ற் திறக்கும் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. இடைவெளியைக் கூட்டினால் பொயின்ற் முந்தித் திறக்கும், குறைத்தால் பிந்தித் திறக்கும். டைமிங் வைத்து முடித்துவிட்டு பொயின்றைத் தொட்டால் வைத்த டைமிங் போய்விட்டது என்று எண்ணுங்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான்.

5. உண்மையான உச்சம் எங்கே

பிஸ்டன் மேலேறி நிற்கும் புள்ளியை உச்சம் என்கிறேன். 1098 இல் இதற்கான குறிகள் எஞ்சினின் முன்பக்கம், கீழே இருக்கின்றன. கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு, டைமிங் கவரின் அடிப்பக்கம் மூன்று முள். நீளமான முள் உச்சம். மற்ற இரண்டும் உச்சத்துக்கு 5 பாகை முன், 10 பாகை முன். காருக்குக் கீழே படுத்து ரோர்ச் அடித்தால்தான் தெரியும். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள், ஸ்ராண்ட் வையுங்கள்.

கழற்றிப் பூட்டிய எஞ்சினில் இந்தக் குறிகளை அப்படியே நம்பவேண்டாம். இதே குடும்ப எஞ்சின் மினி உட்பட வேறு கார்களிலும் குறுக்காகப் பூட்டப்பட்டு வந்தது. அவற்றின் கவரும் புல்லியும் மைனர்களுக்கு வந்து சேர்ந்திருப்பதுண்டு. ஒரு தடவை புது கவர் போட்ட எஞ்சின் ஒன்றில் இரண்டு நாள் மினக்கெட்டேன். கடைசியில் அளந்து பார்த்தால் முள் பன்னிரண்டு பாகை தள்ளி நின்றது. அன்றிலிருந்து அளக்காமல் எந்த எஞ்சினுக்கும் டைமிங் வைப்பதில்லை.

அளப்பது இப்படி. பற்றரி வயரைக் கழற்றுங்கள். இந்த வேலையின்போது யாராவது ஸ்டார்ட்டரை அடித்தால் பிஸ்டன் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதலாம் சிலிண்டரில், அதாவது ரேடியேட்டருக்குக் கிட்ட உள்ளதில், பிஸ்டன் உச்சத்திலிருந்து நன்றாக இறங்கி நிற்கும்போது தடையைப் பூட்டுங்கள்.

எஞ்சினை முன்பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழியாகக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் தடையில் முட்டி நிற்கும். நீளமுள்ளுக்கு நேரே புல்லியில் ஒரு பென்சில் கோடு. இனி மறுபக்கம் சுற்றுங்கள், அங்கேயும் முட்டும். இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடு உண்மையான உச்சம். தடையைக் கழற்றிவிட்டு, அந்த நடுப்புள்ளி நீளமுள்ளுக்கு நேரே வரும்படி சுற்றிப் பாருங்கள். புல்லியின் வெட்டும் அங்கேயே இருந்தால் குறி சரி. இல்லாவிட்டால் பழைய வெட்டை மறந்து, நடுப்புள்ளியில் அரத்தால் புதிதாக ஒரு வெட்டுப் போடுங்கள்.

இனி 3 பாகையை அளக்கவேண்டும். நூலைப் புல்லியைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுங்கள். அதை 360 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று வரும். சுற்றளவு 400 மில்லிமீற்றர் என்றால் ஒரு பாகை 1.1, மூன்று பாகை 3.3 மில்லிமீற்றர். புல்லி வலஞ்சுழியாகச் சுற்றுவதால், உச்ச வெட்டிலிருந்து வலஞ்சுழிப் பக்கமாக அந்தத் தூரத்தை அளந்து வெள்ளைக் கோடு போடுங்கள். உச்ச வெட்டு முள்ளை அடையுமுன் இந்தக் கோடுதான் முதலில் அடையவேண்டும். கையால் சுற்றி அதை உறுதிசெய்யுங்கள். மறுபக்கம் போட்டால் 3 பாகை முந்துவதற்குப் பதிலாக 3 பாகை பிந்தும், எஞ்சின் மந்தமாக ஓடும், காரணம் தெரியாமல் காபரேட்டரைக் கழற்றத் தொடங்குவீர்கள்.

6. இரண்டு உச்சத்தில் எது

நான்கு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் முதலாம் பிஸ்டன் இரண்டு சுற்றில் இரண்டு தடவை உச்சத்துக்கு வரும். ஒன்று கலவையை அழுத்தி வருவது, மற்றது புகையைத் தள்ளி வருவது. நமக்கு வேண்டியது அழுத்தி வருவது.

ரொக்கர் மூடி திறந்திருப்பதால் இது சுலபம். முதலாம் பிஸ்டன் உச்சத்தில் நிற்கையில் நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வையும் பாருங்கள். புல்லியைக் கொஞ்சம் அசைத்தால் ஒன்று மூட மற்றது திறக்க, தராசுபோல ஆடினால், முதலாம் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கிறது. முதலாம் சிலிண்டரின் வால்வுகளே ஆடினால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள்.

அந்த நிலையில் ரோட்டரைப் பாருங்கள். அது எந்த முனையை நோக்குகிறதோ அந்த முனைதான் முதலாம் பிளக்குக்குப் போகும். டிஸ்ரிபியூட்டர் மூடியில் முன்பு எந்த வயர் எங்கே இருந்தது என்பது இப்போது தேவையில்லை. அங்கிருந்து இடஞ்சுழியாக 1, 3, 4, 2 என்று வயர்களைப் பூட்டுங்கள். வலஞ்சுழியாகப் பூட்டிவிட்டால் 1 உம் 4 உம் சரியாக இருக்கும், 3 உம் 2 உம் மாறியிருக்கும். எஞ்சின் இரண்டு சிலிண்டரில் உதறிக்கொண்டு பிடிக்கும், காபரேட்டருக்குள் வெடிக்கும்.

டிஸ்ரிபியூட்டரை ஓட்டும் கியர் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தாலும், உடலைத் திருப்ப இடம் இருக்கும்வரை எஞ்சின் நன்றாகவே ஓடும். உடலைத் திருப்பும்போது வாக்யூம் டப்பி எதிலாவது முட்டினால்தான் அந்தக் கியரை எடுத்துத் திரும்பப் பூட்டவேண்டும். டிஸ்ரிபியூட்டரையும் அதன் கூட்டையும் கழற்றி, கியரின் நடுத் துளையில் 5/16 அங்குல யு.என்.எஃப் போல்ற் ஒன்றைப் பூட்டி இழுத்தால் வந்துவிடும்.

7. பல்ப் வைத்து டைமிங் வைத்தல்

இதுதான் மூல வேலை. பற்றரியைத் திரும்பவும் கொடுங்கள்.

முதலில், லூகாஸ் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் விரலால் திருப்பும் ஒரு சிறு நட்டு இருக்கிறது. 'ஏ' என்றால் முந்துதல், 'ஆர்' என்றால் பிந்துதல். அதைத் திருப்பி, அளவுக்கோடுகளின் நடுவில் நிறுத்துங்கள். பிறகு இரண்டு பக்கமும் நகர்த்த இடம் வேண்டும். முந்தின சொந்தக்காரர் விட்ட இடத்தை அப்படியே வைக்காதீர்கள். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்கள் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டும் (சிலிண்டருக்குள் கட்டுப்பாடில்லாமல் வெடித்துச் சத்தம் போடும்), ஆகவே அதற்கு டைமிங்கைப் பின்னுக்குக் கொண்டுபோகவேண்டும். அந்தக் காலத்தில் ஓடி அப்படியே மூடிவைத்த காரில் நட்டு 'ஆர்' பக்கத்து அந்தத்தில் நின்றால் ஆச்சரியமில்லை.

இனி எஞ்சினை வலஞ்சுழியாகச் சுற்றி, வெள்ளைக் கோடு நீளமுள்ளுக்கு நேரே வரும்போது நிறுத்துங்கள், அழுத்த உச்சத்துக்குச் சற்று முன். கோடு தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்கவேண்டாம். கால் சுற்று பின்னால் போய்த் திரும்ப முன்னால் வாருங்கள். செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு எப்போதும் ஒரே பக்கம் இருக்கவேண்டும் என்பதற்காக.

பல்ப்பின் ஒரு கிளிப்பை, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் முனையில் கொடுங்கள். பழைய கொயிலில் அது 'சி.பி' என்று எழுதிய முனை. மற்ற கிளிப் பொடியில். சாவியைப் போடுங்கள். பொயின்ற் மூடியிருக்கையில் பல்ப் எரியாது, திறந்தவுடன் எரியும்.

கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ரிபியூட்டர் உடலை இடஞ்சுழியாகத் திருப்பி பல்ப்பை அணையுங்கள். ரோட்டரை விரல் நுனியால் வலஞ்சுழிப் பக்கம் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடலை மயிரிழை மயிரிழையாக வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பல்ப் எரியும் அந்தக் கணத்தில் நிறுத்திக் கிளாம்ப்பை இறுக்குங்கள். அளவாக இறுக்கினால் போதும், முறுக்கினால் கிளாம்ப் வளையும். டிஸ்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், உடலை 1 பாகை திருப்பினால் டைமிங் 2 பாகை மாறும். மெதுவாகத் திருப்பச் சொல்வது அதனால்தான்.

இறுக்கும்போது உடல் கொஞ்சம் நகரும். ஆகவே எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி வந்து, பல்ப் எந்த இடத்தில் எரிகிறது என்று பாருங்கள். சிறிய வித்தியாசத்தைப் பக்கத்து நட்டால் சரிசெய்யுங்கள். 11 கிளிக் ஒரு பாகை. பிறகு ஒரு சுற்று மட்டும் சுற்றி நாலாம் சிலிண்டருக்கும் பாருங்கள். அதே கோட்டில் எரியவேண்டும். இரண்டு பாகைக்கு மேல் தள்ளி எரிந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது.

சாவியைப் போட்டபடி விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். பொயின்ற் மூடியிருந்தால் கொயில் சூடேறிக் கெட்டுவிடும்.

8. முதல் ஸ்டார்ட்

பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை அடித்து எண்ணெய் அழுத்தம் வருகிறதா என்று பார்த்தபின் பிளக்குகளை 0.025 அங்குலத்தில் வைத்துப் பூட்டுங்கள். கொயிலில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால், பொடிக்குப் பிளஸ் போகும் காரில் கொயிலின் பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டருக்கு. மாற்றப்பட்ட காரில் மைனஸ் முனை.

புதுக் கேம் சாஃப்ட்டும் புது டப்பெட்டும் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் வேகத்தை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுபோய் ஏறத்தாழ 20 நிமிடம் வைத்திருக்கவேண்டும். மெதுவாக ஓடவிட்டால் கேமின் மூலைகளுக்கு எண்ணெய் போதாது. பற்றவைக்கப் பத்துத் தடவை முயன்று தேய்க்கும் எஞ்சினில் அந்தப் புதுக் கேம் அன்றே கெட்டுப்போகலாம். இவ்வளவு நேரம் எடுத்துப் பல்ப் வைத்ததன் பயன் இங்கேதான்: முதல் அடியில் பிடிக்கவேண்டும்.

ஹாண்டில் அடிப்பவர்கள் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். டைமிங் கூட முந்தியிருந்தால் ஹாண்டில் திருப்பி உதைக்கும், பெருவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு முறியும்.

பிடிக்காவிட்டால் டிஸ்ரிபியூட்டரைத் தொடாதீர்கள். காபரேட்டரில் திரும்பத் திரும்ப வெடித்தால் ஆறாம் படி, அதாவது தவறான உச்சம் அல்லது வயர் ஒழுங்கு. பொறியே இல்லையென்றால் பொயின்ற் முகத்தைத் துடையுங்கள், மெல்லிய வயரையும் கண்டென்சரையும் பாருங்கள், ரோட்டரை மாற்றிப் பாருங்கள். புதிதாக வாங்கிய ரோட்டர் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணவேண்டாம். நடுவில் ரிவெற் அடித்த சிலவற்றில் பொறி அதன் வழியாக ஸ்பிண்டிலுக்குள் இறங்கிவிடுகிறது.

9. டைமிங் லைட்

எஞ்சின் சூடேறியபின் வாக்யூம் குழாயைக் கழற்றி, காபரேட்டர் பக்கத்தை அடைத்துவிடுங்கள். லைட்டின் சிவப்புக் கிளிப் பற்றரியின் பிளஸ் முனைக்கு, அது பொடியில் பூட்டியிருந்தாலும். 'சிவப்பு என்றால் பொடியில் தொடாத முனை' என்ற பழக்கத்தில் கொடுத்து லைட்டை எரித்தவர்கள் உண்டு.

எஞ்சினை நின்றுபோகாத அளவுக்கு மெதுவாக ஓடவிட்டு, முதலாம் பிளக் வயரில் லைட்டைப் பூட்டிப் பாருங்கள். விசிறிக்கும் பெல்ற்றுக்கும் கிட்டக் கை, சட்டை, லைட்டின் வயர் எதுவும் போகக்கூடாது.

கோடு 3 பாகையில் நிற்காமல் சில பாகை முந்தித் தெரியலாம். எடைக்கட்டிகள் இந்த வேகத்திலேயே விரியத் தொடங்குகின்றன, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து 3 பாகைக்கு இழுத்தால் பல்ப் வைத்து வைத்த டைமிங் பிந்திவிடும். இந்த லைட்டில் நான் பார்ப்பது வேறு. வேகத்தைக் கூட்டக் கூட்டக் கோடு முன்னுக்கு ஒரே சீராக ஓடுகிறதா, குறைக்கும்போது அதே இடத்துக்குத் திரும்புகிறதா, ஒரே வேகத்தில் அசையாமல் நிற்கிறதா. குதித்தால் ஸ்பிண்டில் அல்லது செயின். திரும்பாவிட்டால் எடைக்கட்டி.

10. வீதியில்

கையேட்டு எண் அந்தக் காலத்துப் பெற்றோலுக்கும் வெட்டப்படாத சிலிண்டர் ஹெட்டுக்கும் எழுதியது. ஹெட்டின் முகத்தை மில்லில் வெட்டியிருந்தால் அழுத்தம் கூடியிருக்கும், அது சீக்கிரம் தட்டும். இங்கே 92, 95 என்று இரண்டு ஒக்டேன் கிடைக்கிறது. நீங்கள் எப்போதும் அடிக்கப்போவது எதுவோ அதையே அடித்துவிட்டுச் சோதியுங்கள்.

மலை வீதி இருந்தால் நல்லது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, ஆகவே நாலு பேரை ஏற்றிக்கொண்டு, வாகனம் குறைந்த நேரத்தில் கண்டி வீதியில் போங்கள். நாலாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் இருந்து அக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். தகரப் பேணிக்குள் சிறுகல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் இலேசாகக் கேட்டு, வேகம் ஏற மறைந்தால் சரியான இடம். மறையாமல் தொடர்ந்தால் நட்டை 'ஆர்' பக்கம் 11 கிளிக் திருப்பி மறுபடி ஓட்டுங்கள். தட்டிக்கொண்டே ஓடவிட்டால் புதுப் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

சத்தமே இல்லாமல் இழுவை மந்தமாக இருந்தால் 'ஏ' பக்கம் 11 கிளிக். பிந்திய டைமிங் சத்தம் போடாது, அதனால் பலர் அதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எரிதல் பிந்திப் புகைக்குழாய் வரை இழுபடும், தண்ணீர் கொதிக்கும், எக்சோஸ்ட் வால்வு கருகும். ஒரு தடவைக்கு ஒரு பாகைக்கு மேல் மாற்றாதீர்கள். முன்னும் பின்னும் மூன்று பாகை மாற்றியும் சரிவராவிட்டால் பிழை டைமிங்கில் இல்லை, பொயின்றிலிருந்து தொடங்கித் திரும்பப் பாருங்கள்.

எஞ்சின் புதிதாக ஓடிப் பழகும் காலத்தில் இந்தச் சோதனையை இரண்டு மூன்று தடவையோடு நிறுத்துங்கள். ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடியபின் பொயின்றைத் திறந்து அளந்தால் இடைவெளி குறைந்திருக்கும். அதைத் திரும்ப 0.015 க்கு வைத்து, ஏழாம் படியை முழுவதும் மறுபடி செய்யுங்கள். பழகிய கைக்கு இரண்டாம் தடவை அரை மணித்தியாலம் போதும்.